பதினோரு விநாடி

வியாழன் இரவு, ரூவியில்
பதினொன்றரைக் காட்சி.
டிக்கெட் மூன்றரை ரியால்.
அருளப்பன் அதை ஊர்க் காசில் கணக்குப் போட்டான்.
படம் பார்க்க வந்தவன் பெருக்கல் போடாதே என்றேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படம் பிரமாதம்.
இரண்டாம் பாதியில் ஒரு பாட்டைத் தூக்கியிருக்கலாம்.
வில்லனின் தம்பிக்கு அந்த விக் வேண்டியதில்லை.
மற்றபடி
இது பிடிக்கவில்லை என்பவனோடு
ஒரே அறையில் எனக்குக் கட்டில் வேண்டாம்.

தூத்துக்குடியில் ஓர் ஐஸ் கம்பெனி.
மீன் பெட்டிக்கு அடியில் எதையோ கடத்துகிறார்கள்.
போலீஸ்காரன் ஒருவன் கூலியாக உள்ளே போகிறான்,
பெயர் மாற்றி, நடை மாற்றி,
பிடிக்காத பீடியைப் பிடிக்கப் பழகி,
மூன்று வருஷம்.
அவன் யாரென்று தெரிந்த ஒரே அதிகாரி
இடைவேளைக்கு முன்பே செத்துப்போகிறார்.
அந்த இடத்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.
பின்சீட்டு பலூச்சிப் பையன்
சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

ஐஸ் இழுக்கும் கொக்கி ஒன்று.
அண்ணாச்சி அதை இவன் கையில் கொடுத்து
நாற்காலியில் கட்டிக் கிடப்பவனைக் காட்டுகிறார்.
"நம்மாளுன்னா செய்."
கொக்கி மேலே போகிறது.
அவ்வளவுதான்.
அடுத்து, குழாயடியில் கை கழுவுகிறான்.
நடுவில் இருந்ததை
இந்த ஊர்த் தணிக்கைக் கத்தரி தின்றுவிட்டது.
பின்னணி இசைகூடக் கல் தடுக்கியதுபோல் தடுமாறியது.
கீழே ஓடும் அரபு எழுத்து மட்டும்
யாரும் பேசாத ஒரு வசனத்தின் வாலை
ஒரு கணம் காட்டி அழிந்தது.

திருச்சியில் பார்த்த மச்சினன் போனில் குதிக்கிறான்:
"பதினோரு விநாடி மாமா! செவுரெல்லாம் ரத்தம்.
நீங்க பாத்தது படமே இல்ல."
நீ பார்த்தது சிவப்புச் சாயம்டா என்றேன்.
எனக்கோ அவன் செய்தானா என்பதே தெரியாது.
கை கழுவினான். எதைக் கழுவினான்?
சோப்பை ஏன் இரண்டு தரம் போட்டான்?
இரவு இரண்டு மணிக்கு
ஷட்டர் இறக்கிய நகைக்கடைகளைத் தாண்டி நடந்தபோதும்
அந்தக் கொக்கி என் தலைக்கு மேலேயே நின்றது,
இறங்கவேயில்லை.

மைதீன்பிச்சை ஒத்துக்கொள்ளவில்லை.
முழுப் படத்துக்கல்லவா காசு கொடுத்தோம்,
வெட்டியதற்குத் திருப்பிக் கேட்கலாமே என்றான்.
அருளப்பன் மறுபடி கணக்குப் போட்டான்:
பதினோரு விநாடிக்கு நாலே கால் பைசா.

கத்தரி தொடாத ஓர் இடம் உண்டு.
அதே குழாயடியில், ஈரக் கையோடு
மனைவிக்குப் போன் போடுகிறான்.
"சாப்டீங்களா?"
"சாப்ட்டேன்."
"என்ன குழம்பு?"
கொஞ்சம் யோசித்து,
"கத்திரிக்கா" என்கிறான்.

அதுவரை விசிலடித்த கூட்டம்
பாப்கார்ன் மெல்வதையும் நிறுத்தியது.
அந்தக் குழம்பை
வாயாலேயே வைத்து இறக்காதவர்
அரங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?
பக்கத்தில் அருளப்பன் செருமினான்.
வீட்டைப் பொறுத்தவரை
அவன் இன்னும் ஸ்டோர் கீப்பர்.
அந்தக் கம்பெனி மூடி ஏழு மாதம்.
நான் திரும்பவில்லை.
படம் ஓடும்போது யார் பக்கமும் நான் திரும்புவதில்லை.

கிளைமாக்ஸைச் சொல்லமாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.
ஒன்று மட்டும்:
யாரோ அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
இரண்டாம் முறையும் கூப்பிடவேண்டியிருக்கிறது.
நடிப்பு என்றால் அது.
தோளைக்கூட அசைக்கவில்லை, படுபாவி.

நாளை மாலைக் காட்சிக்கும் போகிறேன்.
சோஹாரிலிருந்து ஷிபு வருகிறான்,
தமிழ் பாதிதான் புரியும், பரவாயில்லை.
அருளப்பனுக்கும் நானே டிக்கெட் எடுத்துவிட்டேன்.
எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.
அந்த விக் வரும்போது மட்டும்
கண்ணை மூடிக்கொள்வதாக இருக்கிறேன்.